யார் கையெழுத்துப் போடுவது? எகிப்தியப் பெண்களின் மூவாயிரம் ஆண்டு வழக்கு

நீங்கள் கேட்டதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பழைய எகிப்தில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாழ்ந்தார்கள் என்பது உண்மையா? இஸ்லாம் வந்ததால்தான் அது போயிற்றா? இன்றைய எகிப்தில் பெண்ணியம் என்று சொந்தமாக ஒன்று உண்டா, இல்லை அது ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கா? ஒரே வரியில் சொன்னால்: பாதி உண்மை, இல்லை, உண்டு. ஆனால் அப்படிச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடமாக விடாமல் படித்துவரும் விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எகிப்தியப் பெண் என்றதும் எல்லோரும் கிளியோபாட்ராவில் தொடங்குகிறார்கள். அவரை இப்போதைக்கு விட்டுவிடலாம். சோபெக்நெஃபெரு, ஹட்ஷெப்சுட், தவோஸ்ரெட் என்று பெண் பாரோக்கள், அதாவது நாட்டை ஆண்ட அரசர்கள், இருந்தது உண்மைதான். ஹட்ஷெப்சுட் கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆண்டார், புந்த் நாட்டுக்குக் கப்பல் அனுப்பினார், தேர் அல்-பஹ்ரியில் கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது. ஆனால் ஆட்சி செய்ய அவர் ஆண் அரசனின் உடையையும் ஒட்டுத்தாடியையும் சிற்பங்களில் ஏற்க வேண்டியிருந்தது. இறந்து சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அவர் பெயரைச் சுவர்களிலிருந்து கொத்தி எடுத்தார்கள். அரியணையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பதை வைத்து, கோதுமை அரைத்துக்கொண்டிருந்த பெண்ணின் நிலையைச் சொல்லிவிட முடியாது. அதற்கு வேறு பெண்ணைத் தேட வேண்டும்.

எனக்கு அந்தப் பெண் நவுனக்தே. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை தோண்டிய தொழிலாளிகளின் ஊர் தேர் அல்-மெதினா. லக்சர் நகரத்துக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த கிழவி அவர். முதல் கணவர் அவரைவிட வயதில் மிக மூத்த, பெயர் பெற்ற ஓர் எழுத்தர். அவர் இறந்த பிறகு காயெம்னுன் என்ற தொழிலாளியை மணந்து எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். பாரோ ஐந்தாம் ராம்செஸின் 3ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1145 வாக்கில், ஊர் நீதிமன்றத்தின் முன் நின்று தன் உயிலைச் சொன்னார். சாரம் இதுதான்: நான் பாரோவின் நாட்டில் சுதந்திரமான பெண். எட்டுப் பேரையும் வளர்த்தேன், அவரவர் குடும்பம் வைக்க வேண்டியதைக் கொடுத்தேன். இப்போது எனக்கு வயதாகிவிட்டது. அவர்களில் சிலர் என்னைப் பார்த்துக்கொள்வதில்லை. என் கையைப் பிடித்தவருக்கு என் சொத்து உண்டு, பிடிக்காதவருக்கு இல்லை.

ஒரு மகனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வெண்கலப் பாத்திரம் கொடுக்கிறார். கவனிக்காத பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி விலக்குகிறார். அப்பாவின் பங்கான மூன்றில் இரண்டிலிருந்து அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும், என் மூன்றில் ஒன்றில் கை வைக்கக் கூடாது என்கிறார். பிற்பாடு கணவரும் பிள்ளைகளும் அதே நீதிமன்றத்துக்கு வந்து இந்த உயிலை எதிர்க்க மாட்டோம் என்று சத்தியம் செய்ததும் பதிவாகியிருக்கிறது. உயில் எழுதப்பட்ட பாப்பிரசு, அதாவது நாணல் தாள், சுருள் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில், அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த உயிலில் ஒன்றைக் கவனியுங்கள். கணவர் உயிரோடு இருக்கிறார், வளர்ந்த மகன்கள் இருக்கிறார்கள், ஆனாலும் அவர்களில் யாருடைய அனுமதியும் நவுனக்தேக்குத் தேவைப்படவில்லை. நீதிமன்றத்தில் அவர் தனக்காகத் தானே பேசுகிறார். எகிப்தியச் சட்டத்தில் பெண் நிலம் வாங்கலாம், விற்கலாம், வழக்குப் போடலாம், சாட்சி சொல்லலாம், மணமுறிவு கேட்கலாம். தம்பதிகள் சேர்ந்து ஈட்டியதில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்குரியது. பிற்காலத்துத் திருமணப் பத்திரங்களில், கணவன் பிரிந்து போனால் என்னென்ன தர வேண்டும் என்று பாத்திரம் பண்டம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் ராம்செஸ் காலத்து மோஸ் என்பவர் சக்காராவிலுள்ள தன் கல்லறைச் சுவரில் ஒரு பரம்பரை நில வழக்கையே செதுக்கி வைத்தார். அதில் சொத்தை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவர் ஒரு பெண், அதை எதிர்த்தவர் அவருடைய சகோதரி. பிறகு நிலத்துக்காக நீதிமன்றம் போனவர் மோஸின் தாய். எகிப்தில் இதையெல்லாம் அதிசயமாக யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்து போன கிரேக்கரான ஹெரோடோட்டஸ், இங்கே பெண்கள் சந்தைக்குப் போகிறார்கள், ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து நெய்கிறார்கள், எல்லாம் தலைகீழாக இருக்கிறது என்றார். மிகைதான். அந்தக் காலத்து ஏதென்சில் நல்ல குடும்பத்துப் பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டியவள் என்ற எண்ணத்தோடு போனவருக்கு, நைல் கரையில் விலை பேசும் பெண்ணைப் பார்த்தால் உலகம் கவிழ்ந்த மாதிரிதான் தோன்றும்.

சரி, அப்படியானால் சமத்துவம் இருந்ததா? முழுதாக இல்லை, அதனால்தான் பாதி உண்மை என்றேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மொத்தத்திலேயே மிகக் குறைவு. எழுத்தர் பள்ளி பையன்களுக்குரியது, எழுத்துத் தெரியாமல் அரசுப் பதவி இல்லை. நவுனக்தே வாயால் சொன்னார், எழுதியவர் ஆண். கல்லறைச் சுவர்களில் அழகாகக் கணவன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் "வீட்டின் தலைவி" பெரும்பாலும் கணவன் பணத்தில் கட்டிய கல்லறையில்தான் இருக்கிறாள். அடிமைப் பெண்களுக்கு இந்த உரிமைகள் அப்படியே கிடைக்கவில்லை. ஊர்ப் பெண்களைச் சீண்டியதாகப் பல புகார்கள் பாய்ந்த பனேப் என்ற மேஸ்திரி அதே தேர் அல்-மெதினாவில்தான் இருந்தான். அறநூல்களும் இரண்டு குரலில் பேசுகின்றன. பழைய அறநூல் ஒன்றில் ப்தாஹோதெப், மனைவியை நேசி, வயிற்றுக்குப் போடு, ஆனால் அதிகாரம் அவள் கைக்குப் போகவிடாதே என்கிறார். பிற்காலத்து அனி, திறமையாக வீடு நடத்துகிறவளை அதட்டாதே, அது எங்கே இது எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்காமல் பேசாமல் கவனி, அப்போது அவள் திறமை உனக்குத் தெரியும் என்கிறார். இந்த இரண்டாவது அறிவுரையைப் படிக்கும்போதெல்லாம் யாரோ நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழிலும் இது பரவிக்கொண்டிருக்கிறது. உலகின் முதல் பெண் மருத்துவர் மெரிட்-ப்தா என்று படம் போட்டுப் பகிர்கிறார்கள். அப்படி ஒரு மருத்துவர் இருந்ததற்கு எந்தச் சான்றும் கிடையாது. 1930களில் மருத்துவ வரலாறு எழுதிய ஓர் அமெரிக்க மருத்துவரின் புத்தகத்தில் நேர்ந்த குழப்பம் அப்படியே எல்லா இடத்துக்கும் போய்விட்டது. பெசெஷெத் என்ற பெண்ணுக்கு "பெண் மருத்துவர்களின் மேற்பார்வையாளர்" என்ற பட்டம் இருந்தது மட்டும் உண்மை. பழைய அரச காலத்தில், பிரமிடுகளின் யுகத்தில், கீசாவிலுள்ள ஒரு கல்லறையில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. மேற்பார்வை செய்யும் அளவுக்குப் பெண் மருத்துவர்கள் இருந்தார்கள் என்பதே போதுமான பெரிய செய்தி.

இப்போது இரண்டாவது கேள்வி. இந்தச் சட்ட உரிமை எப்போது நழுவத் தொடங்கியது? இஸ்லாம் எகிப்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. கி.மு. 332ல் அலெக்சாந்தர் வந்தார், பின்னால் தாலமி வம்சம் வந்தது, அவர்களோடு கிரேக்கச் சட்டமும் வந்தது. கிரேக்கச் சட்டத்தில் பெண் பத்திரம் எழுத வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு ஆண் காப்பாளர் நிற்க வேண்டும். கிரேக்க மொழியில் அவருக்கு "கூரியோஸ்" என்று பெயர், தலைவன் என்று பொருள். எகிப்தியச் சட்டமும் கூடவே நடைமுறையில் இருந்ததால் சில காலம் இரண்டு பாதைகள் இருந்தன. அதை அழகாகக் காட்டுகிற ஒரு பெண் உண்டு. மேல் எகிப்தில், அதாவது நாட்டின் தெற்குப் பகுதியில், பாத்திரிஸ் என்ற ஊர், கி.மு. 2ஆம் நூற்றாண்டு. குதிரைப்படை அதிகாரி த்ரைத்தோனின் மனைவி. கிரேக்கப் பெயர் அப்போலோனியா, எகிப்தியப் பெயர் சென்மோந்திஸ். தானியமும் பணமும் கடன் கொடுத்து வாங்கியவர். கிரேக்க மொழியில் எழுதிய பத்திரத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கணவர் காப்பாளராக நிற்கிறார். எகிப்திய மொழிப் பத்திரத்தில் அவர் தனியாகவே நிற்கிறார். பெண் ஒருத்தி, ஊர் ஒன்று, மொழியை மாற்றினால் காப்பாளர் காணாமல் போகிறார்! எந்த எழுத்தரிடம் போக வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ரோமானியர் காலத்தில் அந்த இரண்டாவது பாதை மெல்ல அடைந்தது. கி.பி. 212ல் பேரரசின் சுதந்திர மக்கள் எல்லோருக்கும் ரோமானியக் குடியுரிமை வந்தபோது ரோமானியக் காப்பாளர் முறையும் சேர்ந்தே வந்தது. அதில் ஒரு விலக்கு இருந்தது: சுதந்திரமாகப் பிறந்து மூன்று பிள்ளை பெற்றவளுக்குக் காப்பாளர் வேண்டாம். கி.பி. 263ல் ஆக்சிரிங்கஸ் நகரத்தில் அவுரேலியா தாய்சூஸ் என்ற பெண் ஆளுநருக்கு மனுப் போடுகிறார். பிள்ளைப் பேறு எனக்கு உண்டு, எனக்கு நன்றாக எழுதவும் தெரியும், ஆகவே இனி என் காரியங்களை நானே தடையில்லாமல் நடத்திக்கொள்கிறேன், இதை உங்கள் அலுவலகத்தில் பதிவு செய்து வையுங்கள் என்கிறார். நவுனக்தேக்குக் கேட்காமலே இருந்த ஒன்றை, 1400 ஆண்டுகள் கழித்து இவர் மனுப் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த இரண்டு பாப்பிரசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

கி.பி. 641 வாக்கில் அரபுப் படைகள் எகிப்தை எடுத்தன. இஸ்லாமியச் சட்டம் என்ன செய்தது? இங்கேதான் அவசரப்பட்டுப் பேசுகிறவர்கள் அதிகம். மகளுக்கு மகனின் பங்கில் பாதி என்று சொன்னது, ஆணுக்குத் தலாக் உரிமையும் பலதார மணமும் தந்தது. அதே சட்டம் மனைவியின் சொத்து மனைவியுடையதே, கணவன் அதைத் தொட முடியாது என்றும் சொன்னது. மணமகன் தரும் மஹர் என்ற மணக்கொடை அவளுக்கே சேர வேண்டும் என்றது. மம்லூக், ஒட்டோமான் காலத்துக் கெய்ரோவில் பெண்கள் வீடு கடைகள் வைத்திருந்ததும், வக்ஃபு என்ற அறக்கட்டளைகள் ஏற்படுத்தியதும், நீதிமன்றத்தில் கணவன்மேல் வழக்குப் போட்டதும் பதிவேடுகளில் ஏராளமாக உண்டு. இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின்மேல் முழு உரிமை வந்தது 1882ல்தான் என்பதை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசியல் அதிகாரம் வேறு கதை. ஷஜர் அத்-துர் அடிமையாக வந்து சுல்தானின் மனைவியானவர். 1249ல் பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் லூயியின் சிலுவைப் படை எகிப்துக்குள் நிற்கும்போது கணவர் இறந்துபோக, அந்தச் சாவை மறைத்து வைத்துப் போரை நடத்தினார். 1250ல் தன் பெயரில் நாணயம் அடித்து ஏறத்தாழ எண்பது நாள் ஆண்டார். பாக்தாத் கலீஃபா ஏற்கவில்லை. உங்களிடம் ஆண்கள் இல்லையென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறோம் என்று எழுதியதாக அக்கால வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஷஜர் ஒரு தளபதியை மணந்து அரியணையை அவரிடம் விட வேண்டியதாயிற்று.

இப்போது நவீன காலத்துக்கு வருகிறேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. பாடநூல்கள் காசிம் அமீனிலிருந்து தொடங்கும். கெய்ரோ நீதிபதியான அவர் 1899ல் பெண் விடுதலை பற்றி ஒரு நூல் எழுதினார், பெரிய கலவரம் ஆயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1832ல், எகிப்தை ஆண்ட முகமது அலியின் ஆட்சியில் மருத்துவிச்சிகளுக்கான அரசுப் பள்ளி தொடங்கியிருந்தது. பெற்றோர் பெண்களை அனுப்பாததால் முதல் மாணவிகளாக அபிசீனிய, சூடானிய அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கிச் சேர்த்தார்கள் என்பது மனதை உறுத்தும் செய்தி. 1873ல் கெய்ரோவில் பெண்களுக்கான அரசுப் பள்ளி வந்தது. 1892ல் அலெக்சாந்திரியாவில் ஹிந்த் நவ்ஃபல் "அல்-ஃபதாத்" என்ற இதழைத் தொடங்கினார். அரபு மொழியில் பெண் ஒருவர் பெண்களுக்காக நடத்திய முதல் இதழ் அது. ஆக, காசிம் அமீன் எழுதுவதற்கு முன்பே பெண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"மேற்கு கற்றுக்கொடுத்தது" என்று சொல்கிறவர்கள் குரோமர் பிரபுவைப் படிக்க வேண்டும். 1883 முதல் 1907 வரை எகிப்தை உண்மையில் ஆண்டவர் அந்தப் பிரிட்டிஷ் அதிகாரி. எகிப்தின் பின்னடைவுக்கு இஸ்லாம் பெண்களை நடத்தும் விதமே காரணம் என்று எழுதினார். அவர் நிர்வாகத்தில்தான் அரசுப் பள்ளிகளில் கட்டணம் ஏறியது, பெண் கல்விக்குப் பணம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியதும் இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை தரக் கூடாது என்று இயங்கிய சங்கத்துக்குத் தலைவரானார். எகிப்தியப் பெண்ணின் முகத்திரைக்காக வருந்தியவர், தன் ஊர்ப் பெண் ஓட்டுப் பெட்டிக்கு அருகே வரக் கூடாது என்று பாடுபட்டார். பெண்ணியம் என்றாலே ஏகாதிபத்தியத்தின் வால் என்ற சந்தேகம் எகிப்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இப்படிப்பட்டவர்கள் ஒரு முக்கியக் காரணம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்.

அந்தப் பெண்களில் மலக் ஹிஃப்னி நாசிஃபை நான் முதலில் வைப்பேன். "பாலைநிலத்துத் தேடுபவள்" என்ற பொருளில் பாஹிதத் அல்-பாதியா என்பது அவர் புனைபெயர். மணமாகி ஃபையூமுக்குப் போன பிறகுதான் கணவருக்கு ஏற்கனவே மனைவி இருப்பது தெரிந்தது. பலதார மணத்தின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்த வீடு இருக்கிறது. 1911ல் எகிப்திய மாநாட்டுக்குப் பத்துக் கோரிக்கைகள் எழுதினார்: பெண்களுக்குக் கல்வி, மருத்துவப் படிப்பு, பள்ளிவாசலில் தொழ இடம், மண விஷயத்தில் நியாயம். மேடையில் அவற்றைப் படிக்க ஒரு ஆண்தான் அனுமதிக்கப்பட்டார். முகத்திரையை உடனே எடு என்று ஆண்கள் சொன்னபோது, முதலில் படிக்க வை, தெருவில் எங்களை மரியாதையாக நடத்து, திரையை என்ன செய்வது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நின்றார். 1918ல் 31 வயதில் இன்ஃபுளுயன்சாவில் போய்விட்டார். அவரோடு படித்த நபவிய்யா மூசா, 1907ல் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதித் தேறிய முதல் எகிப்தியப் பெண். ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம் ஏன் என்று கேட்டு, ஆண்களிடம் இருக்கும் அந்தச் சான்றிதழ்தான் காரணம் என்றால் அதையே வாங்கிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்து படித்தவர். அதற்குப் பிறகு இன்னொரு பெண் அந்தத் தேர்வை எழுத 1928 ஆயிற்று.

ஹுதா ஷஅராவி உங்களுக்குத் தெரிந்த பெயராக இருக்கும். பெரிய பணக்கார வீடு, 13 வயதில் தன்னைவிட மிக மூத்த உறவினரோடு திருமணம். 1919 மார்ச் 16 அன்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சியில், முகத்திரையோடு பெண்கள் கெய்ரோ தெருவில் ஊர்வலம் போனார்கள், முன்னால் அவர் இருந்தார். 1923ல் எகிப்தியப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ரோமில் நடந்த உலகப் பெண் ஓட்டுரிமை மாநாட்டிலிருந்து திரும்பியபோது கெய்ரோ ரயில் நிலையத்தில் முகத்திரையை விலக்கினார். பலரும் தலை முக்காட்டை எடுத்தார் என்று எழுதுகிறார்கள். அவர் எடுத்தது முகத்தை மறைத்த துணி. தலை முக்காடு பல படங்களில் அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தக் காட்சியைவிட முக்கியமானது அதே 1923ல் வந்த சட்டம். பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 16 என்று ஆனது. 13 வயதில் மணமேடை ஏறியவர் கேட்டு வாங்கியது அது.

அந்தத் தலைமுறைக்குப் பழைய எகிப்து வெறும் பெருமையாக இருக்கவில்லை, வாதமாக இருந்தது. சிற்பி மஹ்மூத் முக்தாரின் "எகிப்தின் விழிப்பு" சிலை 1928ல் திறக்கப்பட்டது. அஸ்வான் கருங்கல்லில் ஒரு ஸ்பிங்க்ஸ் முன்னங்கால் ஊன்றி எழுகிறது. பக்கத்தில் ஓர் உழவர் குலப் பெண் ஒரு கையை அதன் தலையில் வைத்து, மறுகையால் தன் முக்காட்டை விலக்குகிறாள். இப்போது அது கெய்ரோ பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் நிற்கிறது. பெண்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவிகளாக நுழைந்தது சிலை திறந்த மறுவருடம்.

துரியா ஷஃபீக்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர், 1948ல் "பின்த் அல்-நீல்", நைலின் மகள், என்ற சங்கத்தை அமைத்தார். 1951 பிப்ரவரி 19 அன்று சுமார் 1500 பெண்களோடு எகிப்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து ஓட்டுரிமை கேட்டார். 1954ல் அரசியலமைப்புக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை என்று உண்ணாவிரதம் இருந்தார். 1956 அரசியலமைப்பில் பெண்களுக்கு ஓட்டு வந்தது. ஆனால் ஆணின் பெயர் பட்டியலில் கட்டாயம் சேரும், பெண் தானே விண்ணப்பித்தால்தான் சேரும். 1957 தேர்தலில் ராவியா அதிய்யா, ஆமினா ஷுக்ரி என இரண்டு பெண்கள் வென்றார்கள்.

துரியா அங்கே நிற்கவில்லை. ஓட்டு வந்து என்ன, ஒரே மனிதரின் ஆட்சி நடக்கிறதே என்று 1957 பிப்ரவரியில் அதிபர் நாசரின் சர்வாதிகாரத்தை எதிர்த்து மீண்டும் உண்ணாவிரதம் தொடங்கினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் கெய்ரோவிலிருந்த இந்தியத் தூதரகம். காந்தி வழியில் நம்பிக்கை வைத்தவர், நேருவின் நாட்டுக் கூரைக்கடியில் போய் உட்கார்ந்தார். விளைவு கொடுமையானது. வீட்டுக்காவல். அவர் தொடங்கிய சங்கமே அவரைக் கைகழுவியது. அவர் நடத்திய இதழ் மூடப்பட்டது, பெயரைப் பத்திரிகையில் அச்சிடவே தடை. ஏறத்தாழ 18 ஆண்டுகள் தனிமையில் இருந்து 1975ல் வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்தார்.

நாசர் ஆட்சி பெண்களுக்குப் பள்ளியையும் கல்லூரியையும் அரசு வேலையையும் திறந்துவிட்டது. 1962ல் ஹிக்மத் அபூ சைது முதல் பெண் அமைச்சரானார். ஆனால் சுயமாக இயங்கிய பெண்கள் சங்கங்களை மூடியது, குடும்பச் சட்டத்தைத் தொடவில்லை. 1920, 1929ல் எழுதப்பட்ட சட்டங்களே அடித்தளமாக நீடித்தன. வீட்டை விட்டுப் போன மனைவியைப் போலீஸ் பிடித்துக் கணவன் வீட்டில் சேர்க்கும் "கீழ்ப்படிதல் இல்லம்" என்ற நடைமுறை 1967ல்தான் நின்றது. பெண் மருத்துவராகலாம், அமைச்சராகலாம், ஆனால் வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் வேறு நூற்றாண்டு.

அந்த வாசலைப் பற்றி உரக்கப் பேசியவர் நவால் எல் சதாவி. மருத்துவர். ஆறு வயதில் தனக்கு நடந்த பெண்ணுறுப்புச் சிதைப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். 1972ல் பெண்ணின் உடல் பற்றி எழுதிய நூலுக்காகச் சுகாதார அமைச்சக வேலை போயிற்று. 1981ல் அதிபர் சாதாத் அவரைச் சிறையில் வைத்தபோது கழிப்பறைக் காகிதத்தில் புருவ மையால் எழுதினார். 2021ல் மறைந்தார். அந்த உறுப்புச் சிதைப்பு வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் அதையும் இஸ்லாத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கி.மு. 163ஆம் ஆண்டு மெம்ஃபிஸ் நகரத்து கிரேக்கப் பாப்பிரசு ஒன்றிலேயே அது குறிப்பிடப்படுகிறது. முஸ்லிம்களும் கிறிஸ்தவக் காப்டுகளும் அதைச் செய்துவந்திருக்கிறார்கள். 2008ல் குற்றமானது, 2016லும் 2021லும் தண்டனை கூடியது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களிடம் அரசு எடுத்த கணக்கெடுப்பில் 1995ல் 97 சதவீதம், 2014ல் 92, 2021ல் 86. எண் இறங்குகிறது, ஆனால் இத்தனை மெதுவாக இறங்கும்போது ஒவ்வொரு சதவீதத்துக்கும் பின்னால் எத்தனை சிறுமிகள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

குடும்பச் சட்டம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. 1979ல் சாதாத்தின் மனைவி ஜிஹானின் முயற்சியில் வந்த சட்டம் 1985ல் நடைமுறைக் குறையைக் காட்டி நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது, கொஞ்சம் நீர்த்த வடிவில் உடனே திரும்ப வந்தது. 2000ல் "குலா" சட்டம்: மஹரைத் திருப்பிக் கொடுத்து, பண உரிமைகளை விட்டுவிட்டால் கணவன் சம்மதம் இல்லாமலே மனைவி பிரியலாம். இதை வென்றவர்கள் மார்க்கத்தை எதிர்த்து வெல்லவில்லை. நபிகளிடம் ஒரு பெண் வந்து, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்ததைச் சொல்லும் ஹதீஸை, அதாவது நபிமொழிப் பதிவை, கையில் எடுத்து வென்றார்கள். அதே ஆண்டு, கணவன் அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் எடுக்கும் உரிமை. 2004ல் எகிப்தியத் தாயின் பிள்ளைக்கும் குடியுரிமை. 2003ல் தஹானி அல்-ஜிபாலி உச்ச அரசியலமைப்பு நீதிமன்றத்தில் அமர்ந்தார். அப்புறம் 2011, அதிபர் முபாரக்குக்கு எதிரான மக்கள் எழுச்சி. கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் பெண்கள் ஆண்களோடு தோளுரசி நின்றார்கள், அதே ஆண்டு மார்ச்சில் ராணுவம் கைது செய்த பெண்களுக்குக் "கன்னித்தன்மைச் சோதனை" செய்தது. டிசம்பரில் ஒரு பெண்ணைச் சிப்பாய்கள் ஆடை விலகத் தெருவில் இழுத்துப்போன படம் வெளிவந்ததும், ஆயிரக்கணக்கான பெண்கள் கெய்ரோ தெருவில் இறங்கினார்கள். 2014ல் பாலியல் சீண்டல் முதல்முறையாகச் சட்டத்தில் தனிக் குற்றமானது.

இப்போது காப்பாளர் பிரச்சினைக்கு மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் அது முடியவில்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி தகப்பன் இறந்தால் பிள்ளைகளின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை தந்தைவழித் தாத்தாவுக்குப் போகிறது. தாய் தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கவே நீதிமன்றப் படி ஏற வேண்டும். 2023 ரமலானில் மோனா ஜக்கி நடித்த ஒரு தொலைக்காட்சித் தொடர் இதையே கதையாக்கியபோது நாடே பேசியது. அதற்கு முன், 2021ல், பெண்ணின் திருமண ஒப்பந்தத்தில் ஆண் காப்பாளரின் அதிகாரத்தைக் கூட்டுகிற சட்ட வரைவு ஒன்று வெளியே கசிந்தது. அப்போது எகிப்தியப் பெண்கள் இணையத்தில் தங்கள் கதைகளை எழுதத் தொடங்கினார்கள். என் பிள்ளைக்கு வங்கிக் கணக்கு என்னால் திறக்க முடியவில்லை, பள்ளி மாற்ற முடியவில்லை, அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: "அல்-விலாயா ஹக்கி", காப்புரிமை என் உரிமை. அதைப் படித்தபோது எனக்கு அவுரேலியா தாய்சூஸின் மனு நினைவுக்கு வந்தது.

அப்புறம் வாரிசுரிமை. மேல் எகிப்தின் கிராமங்களில் ஷரியத் தரும் பாதிப் பங்கைக்கூடச் சகோதரிகளுக்குக் கொடுக்காமல் நிலத்தைப் பிடித்து வைக்கும் வழக்கம் பழையது. 2017ல்தான் அப்படிப் பங்கை மறுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் நீதிமன்றங்கள் இஸ்லாமியப் பங்கீட்டையே பொருத்தி வந்தன. காப்டிக் சமூகத்தைச் சேர்ந்த மனித உரிமை வழக்கறிஞர் ஹுதா நஸ்ரல்லா, 2018 இறுதியில் தந்தை இறந்தபோது இதை எதிர்த்து நின்றார். தங்கள் திருச்சபையின் விதி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்கிறது, அதையே எங்களுக்குத் தாருங்கள் என்றார். இரண்டு நீதிமன்றங்கள் மறுத்தன. அவருடைய இரண்டு அண்ணன் தம்பிமாரும் நீதிபதி முன் வந்து, எங்களுக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவே வேண்டும் என்று சொன்னார்கள். 2019 நவம்பரில் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது: மூன்று பேருக்கும் சமபங்கு.